கையை விரித்தவள்

சென்ற வாரம் பல் டாக்டரை ஆலய மேடையில் ஏற்றி, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாகத் தொண்டையைச் செருமிக்கொண்டே நிற்கிறார். இனியாவது பேசவிடுவோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டருக்கு எட்டு வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பிய அப்பா போனவர் போனவர்தான். அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது. ஆடைத் தொழிற்சாலையில் காஜா மெஷினில் உட்கார்ந்து, சட்டைக்குப் பொத்தான் துளை தைத்துத் தம்பியை வளர்த்தாள்.

அந்த வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் காது கேளாத பெண்கள். மெஷின் போடுகிற இரைச்சலில் காது உள்ளவர்களுக்கும் காது இல்லை. அதனால் அவளும் அவர்களோடு கையால் பேசப் பழகினாள். அந்தப் பழக்கம்தான் அவளை ஆலயத்தில் மேடைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியது. முன்வரிசையில் காது கேளாத பதினாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கில் வருகிற பாட்டு, ஜெபம், பிரசங்கம், அறிவிப்பு எல்லாவற்றையும் அவர்களுக்குச் சைகையில் சொல்வாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை.

இன்றைக்கு நன்றி ஆராதனை. காலையில் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று. இரண்டிலும் டாக்டர் சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் எடுத்துச் சொல்வதுதான் சாட்சி. அதற்கென்று ஒரு மெட்டு இருக்கிறது. முதலில் பள்ளத்தில் கிடக்க வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு ஆமென் சத்தமாக வரும். நம் டாக்டர் பள்ளத்தை நன்றாகவே தோண்டினார்.

"அம்மா போனதுக்கப்புறம் எனக்கு நாக்கே எழலைங்க. அ-ன்னு சொல்ல அரை நிமிஷம் ஆகும். சொந்தபந்தம் எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. எனக்குன்னு யாருமே இல்ல. ஒருத்தர்கூட இல்ல. கர்த்தர் ஒருத்தர்தான் என் வாயைத் திறந்தாரு."

சபை ஆமென் என்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேடைக்குக் கீழே அக்கா தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு இரண்டு கையையும் விரித்தாள்.

அவள் அங்கே நிற்கிறாள் என்று தம்பிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது என்று தெரிவது போலத் தெரியும். அவன் பார்வை மூன்றாவது வரிசையில் இருந்தது. அங்கே யார் இருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மதியம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் டாக்டரின் மனைவி வாயைத் திறக்கவில்லை. பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு நாளைக்கு ஏழு வகுப்புப் பேசிவிட்டு வந்தும் வீட்டில் எட்டாவது வகுப்பு எடுக்கக்கூடியவள். அவள் பேசாமல் இருந்தால் குழாய் சொட்டுவது கேட்கும்.

"எப்படி இருந்துச்சு சாட்சி?" என்று அவனே கேட்டான்.

"வீடியோ எடுத்திருக்கேன். பாக்கறீங்களா?"

மகிழ்ச்சியோடு கையை நீட்டினான். அவள் போனைக் கொடுப்பதற்கு முன் சத்தத்தை நிறுத்தினாள்.

"சத்தம் வரலையே."

"முன்வரிசையில இருக்கறவங்க இப்படித்தானே பாத்தாங்க. நீங்களும் பாருங்க."

படத்தில் அவன் இல்லை. அவனுடைய கால்சட்டையின் ஓரம் மட்டும் மேலே தெரிந்தது. நடுவில் அக்கா. சத்தமில்லாமல் அக்கா பேசினாள். நெஞ்சைத் தொட்டாள். கையை விரித்தாள். ஒரு விரலை நிமிர்த்தி, இல்லை என்று ஆட்டினாள். மறுபடி நெஞ்சைத் தொட்டாள்.

"என்ன சொல்றா?"

"நீங்க சொன்னதத்தான். எனக்கு யாரும் இல்ல. ஒருத்தர்கூட இல்ல. எனக்கு." டீச்சர் ஒவ்வொரு சைகைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பேசறவங்க நான்னு சொன்னா அண்ணியும் நான்னுதான் காட்டணும். அது அவங்க வேலையோட சட்டம். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள். "இது யாரு கதை?"

அவன் மறுபடி படத்தில் இருந்த அக்காவைப் பார்த்தான். அம்மா அவளுக்கும்தான் செத்தாள். அப்பா அவளையும்தான் விட்டுப் போனார். சொந்தபந்தம் கையை விரித்தபோது அந்தக் கைகளுக்கு முன்னால் போய் நின்றவள் அவள். அவனுக்காவது ஓர் அக்கா இருந்தாள். அவளுக்கு யார் இருந்தார்கள்? முப்பது வருஷத்தில் இந்தக் கேள்வி அவன் தலைக்குள் ஒரு தடவைகூட நுழைந்ததில்லை.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டான்.

"கல்யாணமாகி வந்த வருஷமே அண்ணிகிட்ட நாலு வார்த்தை கத்துக்கிட்டேன். முன்வரிசைக்காரங்கல்லாம் சேந்து அண்ணிக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. டீச்சர் தன் காது மடலைத் தொட்டுக் காட்டினாள். "இதான் அண்ணி பேரு. காது."

அவனுக்குப் போனை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நான் வேணும்னு செய்யல. மூணு நிமிஷத்துக்கு மேல கூடாதுன்னு சபை மூப்பர் சொல்லிட்டாரு. குடும்பக் கதையெல்லாம் வேண்டாம், கர்த்தர மகிமைப்படுத்தினா போதும்னாரு."

டீச்சர் எழுந்துபோய் அவனுடைய கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து வந்தாள். கணக்கு டீச்சர் கண்ணிலிருந்து அடித்தல் திருத்தல் தப்புமா? நடுவில் நான்கு வரி, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக அடித்திருந்தது. அடியில் எழுத்து தெரிந்தது. 'அக்கா தினமும் வேலை முடிந்து வந்து, என் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வைப்பாள். நான் ஒரு சொல்லை முடிக்க அரை மணி நேரம் ஆனாலும் காத்திருப்பாள். காஜா மெஷினில் பத்து மணி நேரம் இருந்துவிட்டு வந்தவள்.'

"இத மூப்பர் அடிக்கச் சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன?"

"மூணாவது வரிசையில எங்க பல் டாக்டர் சங்கத் தலைவரும் இன்னும் ரெண்டு டாக்டருங்களும் இருந்தாங்க. நான்தான் கூப்பிட்டிருந்தேன். அவங்க முன்னாடி காஜா மெஷின்னு சொல்ல எனக்கு நாக்கு வரல."

"அந்த நாக்கப் பழக்கினதே அண்ணிதான்," என்றாள் டீச்சர். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எழுதுகிற எனக்கே இங்கே கூசுகிறது. ஏனென்றால் நானும் நீங்களும் இப்படி ஒரு நாலு வரியை எங்கேயாவது அடித்திருப்போம். சரி, அவனைத் திட்ட வந்த இடத்தில் நம்மை இழுப்பானேன். தம்பி கை கழுவிக்கொண்டு, அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

அக்கா இருப்பது இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை. கதவு திறந்திருந்தது. சாயங்காலத்துக்கான உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பூவோ கோடோ இல்லாத அடர் நீலம். சைகை காட்டுகிறவர்கள் அப்படித்தான் உடுத்த வேண்டும், கை தெளிவாகத் தெரிவதற்காக.

"வாடா. சாப்ட்டியா? ஏன் முகம் இப்படி இருக்கு, யாருக்காவது நல்ல பல்லைப் புடுங்கிட்டியா?"

"அக்கா, காலையில..."

"நல்லாப் பேசின. ஒரு எடத்துலகூடத் திக்கல. ஸ்தோத்திரம்."

"உன்னப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல."

"மூணு நிமிஷத்துல எவ்ளோதான் சொல்லுவ. மறந்திருப்ப. மேடையில ஏறினா எனக்கெல்லாம் வீட்டு அட்ரஸே மறந்துடும்."

"உனக்குக் கோவம் இல்லையா?"

"கோவமா, எனக்கா? நல்லாருக்கு போ."

உடையின் ஒரே கையை நான்காவது தடவையாகத் தேய்த்தாள். சுருக்கம் அப்படியே இருந்தது. அவன் கீழே பார்த்தான். ப்ளக் தரையில் கிடந்தது.

"அக்கா, ப்ளக் சொருகல."

அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "அதான் ஏன் சூடே ஏறலன்னு பாத்தேன்," என்றாள்.

"சாயங்காலம் உன்னப் பத்தி எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வேணாம்டா சாமி. நீ என்னப் புகழ்ந்தா அத யாரு கையால சொல்றது? நான்தானே. என்னை மாதிரி உண்டான்னு நானே நின்னு கையை ஆட்டணுமா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

அதை அவள் ஆட்டியும் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் அவன் தாளை எடுத்து நீட்டினான். எடுக்காமல் இருந்திருந்தால் அன்றைய பொழுது ஒரு மாதிரி சமாளிப்பாகவே போயிருக்கும். ஆனால் மறந்திருப்பாய் என்று அவள் சொன்னது அவனுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"நான் மறக்கல அக்கா."

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். அடித்த வரிகளின் மேல் விரல் மெதுவாகப் போனது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போனது.

"எழுதிட்டு அடிச்சிருக்க."

"ஆமா."

"ஏன்?"

சொன்னான். மூன்றாவது வரிசை, சங்கத் தலைவர், காஜா மெஷின், எல்லாம் சொன்னான். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இருபது வருஷமாக வராத திக்கல். அ, அ, என்று அதே எழுத்தில் நின்றான். மற்ற நாளாக இருந்தால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பாள். அன்றைக்கு அவள் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

"மறந்திருந்தா பரவால்லடா," என்றாள். "காலையில கையை விரிக்கும்போதே அதத்தான் சொல்லிக்கிட்டேன். மறந்துட்டான், பாவம்னு."

"அக்கா..."

"நேரமாச்சு. நீ கெளம்பு. அஞ்சு மணிக்கு வந்துடுவேன். என் வேலைய நான் செய்வேன்."

முப்பது வருஷத்தில் அவன் எந்த வாசலைத் தாண்டினாலும் 'பாத்துப் போ' என்று பின்னால் ஒரு குரல் வரும். படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். வரவில்லை. அக்கா தன்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட அவன் நிம்மதியாக இறங்கியிருப்பான். இப்போது அக்காவே இல்லாமல் போய்விட்டாளோ என்று நினைத்துக்கொண்டே இறங்கினான்.

ஐந்து மணிக்கு ஆலயம் நிறைந்திருந்தது. வாசலிலேயே மூப்பர் பிடித்துக்கொண்டார். "காலையில பேசினத அப்படியே பேசுங்க டாக்டர். ஒரு சொல்ல மாத்தாதீங்க." காலைச் சாட்சி பிடித்துப்போய்ச் சங்கத் தலைவர் மாலையும் குடும்பத்தோடு வந்து, அதே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேடைக்குக் கீழே அடர் நீல உடையில் அக்கா. சுருக்கம் போயிருந்தது.

தம்பி மைக்கை எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்தான். அங்கிருந்து பார்த்தால் அவள் தெரிவாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தபடி கையைத் தயாராக வைத்திருந்தாள்.

"கா... காலையில நான் சொன்னது பொ... பொய்."

அக்கா நெஞ்சைத் தொட்டாள். காலையில் நான் சொன்னது பொய்.

"எனக்கு யாரும் இல்லன்னு சொன்னேன். எனக்கு ஒரு அ... அக்கா இருந்தா. இதோ நிக்கறாளே, இவதான். காஜா மெஷின்ல பத்து மணி நேரம் ஒக்காந்துட்டு வந்து, என்னப் பேச வச்சா. அத எழுதி வச்சிருந்தேன். பெரிய மனுஷங்க முன்னாடி அத சொல்ல வெக்கப்பட்டு, நானே அ... அடிச்சேன். இப்ப அந்த வெக்கத்த நெனச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு."

நடுநடுவே திக்கினான். அவன் திக்கிய இடத்தில் அவள் கை காற்றில் நின்றது. சொல் வந்ததும் நகர்ந்தது. அவளே தன்னைப் பற்றி, அக்காவைப் பற்றிய வரிகளை அடித்தேன் என்றும், வெட்கப்படுகிறேன் என்றும் காட்டினாள். ஒரு எழுத்து கூடவில்லை, ஒரு எழுத்து குறையவில்லை.

"கர்த்தர் எனக்கு ஒரு ஆள அனுப்பினாரு. அனுப்பினவருக்கு நன்றி சொல்லிட்டு, வந்தவள நான் வாசல்லயே நிக்க வச்சுட்டேன். அப்படிச் சொல்ற நன்றிய அவரு எப்படி வாங்கிப்பாரு. இங்க முன்னாடி இருக்கறவங்ககிட்ட நானே இத சொல்லணும்னு நெனச்சேன். சொல்ல முடியல. அவ கூடவே வளந்தும் அவங்க பாஷையில எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அதையும் அவளத்தான் சொல்ல வைக்கறேன்."

ஆமென் வரவில்லை. இந்த மாதிரிச் சாட்சிக்கு எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கத் தலைவர் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். காஜா வரிசையில் அக்காவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள். கன்னத்தில் குழி விழும் என்பதால் அவளுக்கு அவர்கள் வைத்த பேர் கன்னக்குழி. அவள் கைகள் வேகமாக அசைந்தன. காது கேளாதவர் பேசினால் அதை வாயால் சபைக்குச் சொல்வதும் அக்காவின் வேலைதான். அதற்கும் அதே சட்டம்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் அக்கா, கன்னக்குழிக்காக. "இவர் மட்டும் இல்ல. நானும்தான். இருபத்திரண்டு வருஷமா இவ கையிலதான் நான் பாட்டு கேட்டேன். பிரசங்கம் கேட்டேன். என் பொண்ணு கல்யாணத்துல பாஸ்டர் சொன்ன ஆசீர்வாதத்தக் கேட்டேன். ஒரு நாளாவது, நீ எப்படி இருக்கேன்னு நான் இவள... இவளக் கேட்டதில்ல."

குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. கன்னக்குழி சபையை விட்டு நேராக அவளிடம் திரும்பினாள்; அக்கா சமாளித்துக்கொண்டு மேலே போனாள்.

"காலையில யாரும் இல்லன்னு நீ கையை விரிச்சப்போ, அது அவர் பேச்சு மாதிரி எனக்குத் தெரியல. உன் பேச்சு மாதிரி இருந்துச்சு. எல்லாரோட 'நான்'ஐயும் நீதான் சொல்லிட்டிருக்க. இப்ப உன்னோடத சொல்லு."

கன்னக்குழி உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் கைகள் வேலையில்லாமல் அந்தரத்தில் நின்றன. முன்வரிசை அவளைப் பார்த்தது. பின்வரிசையும் பார்த்தது. யார் பேசுகிறார்கள், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தேடுகிறவள் போல அவள் மேடையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

தர்மசங்கடமான நேரத்தில் பாஸ்டர்களுக்குக் கைகொடுப்பது ஜெபம். அவர் எழுந்தார். "அருமையான வார்த்தைகள். நாம எல்லாரும் கண்களை மூடி..."

"பாஸ்டர்," என்றாள் அக்கா. "கண்ண மூடச் சொல்லாதீங்க. மூடினா இவங்களுக்குக் கேக்காது."

மூடிய கண்கள் திறந்தன. தம்பியும் குனிந்த தலையை நிமிர்த்தினான். அக்கா வலது கையால் தன் நெஞ்சைத் தொட்டாள். அப்படித் தொடுவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"எனக்குக் கோவம்," என்றாள். வாயும் சொன்னது, கையும் சொன்னது.

பாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் இருக்கு பாஸ்டர். நீங்க ஒக்காருங்க."

பாஸ்டர் உட்கார்ந்தார்.